ரெண்டு கிலோவின் மலைச் சைக்கிள்

மலேசியாவின் கேமரன் மலைக்கு வருகிறவர்களில் மேகத்தைப் படம் பிடிக்காதவர் கிடையாது. ஆனால் மேகத்தை எடை போட்டுப் பார்த்தவர் இந்த மலையில் இதுவரை ஒருவர்தான். அவருக்குப் பெயர் ரெண்டு கிலோ. பெற்றோர் வைத்த பெயரும் ஒன்று உண்டு. தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, உட்கார்ந்து அதை மாதந்தோறும் எழுதியவன் நான். எனக்கே அது சட்டென்று வாயில் வராது.

பிரிஞ்சாங் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம். அங்கே கொழுந்து எடை போடும் கொட்டகை அவருடைய ராஜ்ஜியம். பறித்த இலை சாக்கில் வந்து இறங்கும். அவர் தராசுக் கொக்கியில் மாட்டுவார், முள் ஆடி நிற்கும், எடையைச் சொல்வார். சாக்குக்கும் இலையில் ஒட்டியிருக்கும் ஈரத்துக்கும் சேர்த்து இரண்டு கிலோ கழிப்பது வழக்கம். மற்ற கொட்டகைகளில் வெயில் நாளில் ஒரு கிலோவோடு விட்டுவிடுவார்கள். இவர் விடமாட்டார். கேமரன் மலையில் வெயில் நாள் என்று ஒன்று இருப்பதையே அவர் ஒப்புக்கொண்டதில்லை.

"இது வெயில் இல்ல கிராணி. மழை மூச்சு வாங்குது," என்பார்.

முப்பத்தோரு வருடம் இப்படியே போயிற்று. கொழுந்து பறிக்கும் பெண்கள் பேசிப் பார்த்தார்கள், ஏசிப் பார்த்தார்கள், கடைசியில் பழகிக்கொண்டார்கள். சாக்கைக் கட்டுமுன், "இது ரெண்டு கிலோ அண்ணனுக்கு" என்று இன்னும் நாலு கை இலையைத் திணித்துக் கட்டுவது அவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. அப்படித் திணித்தவர்களில் அவருடைய மனைவியும் ஒருவர். நான் அக்கா என்று கூப்பிடுகிறவர். கொழுந்து பறித்து இருபத்தைந்து வருடம் ஆனவர். அவர் சாக்குக்கும் அதே இரண்டு கிலோதான். அதற்கு அக்கா கோர்ட்டுக்கோ துரையிடமோ போகவில்லை. அன்றைக்கு ராத்திரி மீன் குழம்பில் இரண்டு துண்டைத் தன் தட்டுக்கு எடுத்துக்கொண்டு, "மீன் ஈரமா இருந்துச்சு, கழிச்சுட்டேன்" என்று சொல்லிவிடுவார். ரெண்டு கிலோ மறுக்காமல் மிச்சத்தைச் சாப்பிடுவார். கழிவு நியாயமானது என்று நம்புகிறவர் அவர்.

இந்தப் பழக்கம் தராசோடு நின்றிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். அவர் பேச்சிலும் கழிப்பார். காய்ச்சல் நூற்றிரண்டு என்றால், "நூறுன்னு வச்சுக்கலாம்" என்பார். ரிங்லெட் அணைக்கட்டு ஏரியில் ஐந்து கிலோ மீன் பிடித்தேன் என்று யாராவது சொன்னால் மூன்று கிலோவுக்கு மட்டும் பாராட்டுவார். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஒரு வீட்டில் குழந்தை பிறந்து, எல்லோரும் பார்க்கப் போனோம். "மூணு கிலோ" என்று தாய் பெருமையாகச் சொன்னாள். இவர் வாயைத் திறக்குமுன் அக்கா அவர் கையில் ஒரு டம்ளர் தண்ணீரைத் திணித்தார். அன்று தோட்டத்தின் மானம் தப்பியது.

நாள் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. என் நாட்குறிப்பின்படி இந்தக் கதை போன வருடம் ஏப்ரல் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரைக்குத் தொடங்குகிறது. நவம்பர் கடைசியோடு அவருக்கு வேலை ஓய்வு, வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்ற கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். நானே கொண்டு போய்க் கொடுக்கவும் வேண்டியிருந்தது. மகள் தெலுக் இந்தானில் இருக்கிறாள், அங்கே போய்விடுவதாக முன்பே முடிவு செய்திருந்தார்கள். அவர் கடிதத்தைப் படித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்தார்.

"எட்டு மாசம் இருக்கு. ரெண்டு மழையில போயிரும். கழிச்சா ஆறு," என்றார்.

அக்கா தேநீர் கொண்டுவந்தார். கடிதத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னல் வழியாக மேலே பார்த்துக்கொண்டே, இருபத்து நாலாம் காட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் இடங்களுக்கு நம்பர்தான் பெயர். இருபத்து நாலு காடுகள். கடைசிக் காடு எல்லாவற்றுக்கும் மேலே, மரமெல்லாம் பாசி படர்ந்த பாசிக்காட்டு ஓரத்தில் இருக்கிறது. அங்கே சில காலையில் மேகம் காலுக்குக் கீழே கிடக்குமாம். கடல் மாதிரி. மலை உச்சிகள் மட்டும் தீவு தீவாக நிற்குமாம். வெயில் ஏற ஏற அந்தக் கடல் பள்ளத்துக்குள் சத்தமில்லாமல் வழிந்து இறங்குமாம். கூடையை இறக்கி வைத்துவிட்டு எல்லாப் பெண்களும் சும்மா நிற்பார்களாம். கங்காணி கூடக் கத்தமாட்டானாம்.

ரெண்டு கிலோ தேநீரை ஒரு வாய் குடித்தார்.

"அதுல ஒரு ரெண்டு கிலோ கழிச்சுக்கணும்," என்றார்.

அக்கா திரும்பிப் பார்த்தார். இருபத்தைந்து வருடமாகச் சாக்கில் கழித்ததையெல்லாம் மன்னித்தவர் அவர்.

"நீங்க அந்தக் காட்டப் பாத்திருக்கீங்களா? எந்தக் காட்டத்தான் பாத்திருக்கீங்க? பாத்துட்டு வந்து கழிங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அக்கா சொன்னது உண்மை. முப்பத்தோரு வருடமாக எல்லாக் காட்டு இலையும் இவரைத் தேடி வந்தது. இவர் எந்தக் காட்டையும் தேடிப் போனதில்லை. முதல் சாக்கு வருமுன் கொட்டகைக்கு வந்துவிட வேண்டும், கடைசிச் சாக்குக்குப் பிறகுதான் நகர முடியும். ஞாயிற்றுக்கிழமை டவுன். ஆனால் ஒரு கை இலையை எடுத்து முகர்ந்து, "பதினஞ்சாம் காடு" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். ஒரு தடவை கூடத் தப்பியதில்லை. போகாத தேசங்களுக்கு மாலுமிகளின் பேச்சைக் கேட்டே படம் வரைந்த பழங்காலத்துப் பூகோளக்காரர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். அவர்களுக்குப் பேச்சாவது இருந்தது. இவருக்கு வாசனை மட்டும்தான்.

மறுநாள் காலை, பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆட்கள் கூடும் நேரத்தில் ஆபீஸ் ஜன்னலில் அவர் தலை தெரிந்தது. போவதற்குள் இருபத்து நாலு காட்டையும் பார்த்துவிட வேண்டும் என்றார். நடந்து போக முட்டி விடாது. ஏறினாலும் ஏறலாம், இறங்குவது ஆகாது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். மோட்டாரில், பைக்குக்கு இங்கே அதுதான் பெயர், போகவும் முடியாது. உள்பாதைகளில் மோட்டார் ஓட்டினால் தண்ணீர் வடிகிற பள்ளங்களான கான்கள் உடைகின்றன என்று மேனேஜர் தடை போட்டு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்.

"அந்த நோட்டீச யார் அடிச்சது?" என்று கேட்டார்.

"நான்தாண்ணே."

"அதுல சைக்கிள்னு போட்டிருக்கா?"

போடவில்லை. முட்டிக்குச் சைக்கிள் நல்லது என்று அதே கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் தன் வாழ்வின் முதல் மலைச் சைக்கிளை வாங்க முடிவு செய்வதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஒரு நோட்டீசில் ஒரு சொல் இல்லாததால் முடிவு செய்தவர் இவராகத்தான் இருக்கும்.

பிரிஞ்சாங்கில் ஒரு பாய் மழைக்கோட்டும் ரப்பர் பூட்சும் விற்கிறார். சுற்றுலா வருகிறவர்களுக்குச் சைக்கிளும் வாடகைக்கு விடுகிறார், கொஞ்சம் ஓடியதை விற்கவும் செய்கிறார். மே மாதம் முதல் சனிக்கிழமை அங்கே போனோம். ரெண்டு கிலோ பையில் கொக்கித் தராசைக் கொண்டுவந்திருந்தார். அவர் கல்யாணத்துக்குப் போனாலும் அது கூடவே போகும்.

"எந்த ரோட்டுக்குண்ணே?" என்று பாய் கேட்டார்.

"ரோடு இல்லாத எடத்துக்கு."

பாய் உள்ளேயிருந்து ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். முற்றின தேயிலை இலையின் நிறம். அகலமான முள் டயர், முன்னால் குலுக்கலைத் தாங்கும் ஷாக், இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், பின்னால் பத்துப் பல்சக்கரம். "பதிமூணரைக் கிலோதான், ஒரு கையில தூக்கலாம்" என்றார். ரெண்டு கிலோ தராசை உத்தரத்தில் மாட்டினார், சைக்கிளைத் தொங்கவிட்டார். கடைக்கு வந்த நாலு பேர் ஸ்ட்ராபெரிப் பெட்டியோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். முள் பதினாலில் நின்றது.

"ரெண்டு கழிச்சா பன்னண்டு," என்றார்.

பாய் முகம் மலர்ந்துவிட்டது. சைக்கிளுக்கு எடை குறைவது பெருமை அல்லவா? "அப்படியே வச்சுக்கலாம்ணே" என்றார். முப்பத்தோரு வருடத்தில் கழிவைக் கேட்டு எதிராளி சந்தோஷப்பட்டது அன்றுதான் முதல் தடவை. ரெண்டு கிலோவுக்கு அது பிடிக்கவில்லை. தராசைச் சந்தேகமாகப் பார்த்து, சைக்கிளை இறக்கி மறுபடி மாட்டினார்.

பாய்க்கும் ஒரு சந்தேகம். "ஆமா, காஞ்ச சாமான்தானேண்ணே, இதுக்கு எதுக்குக் கழிவு?"

"சாமான் காஞ்சதுதான் பாய். பேச்சுலதான் ஈரம் இருக்கு."

பிறகு அளவு பார்த்தார்கள். சைக்கிளின் மேல் கால் போட்டு நின்றால், நடுக்கம்பிக்கும் ஆளுக்கும் இடையில் நாலு விரல் இடம் வேண்டும், மலையில் திடீரென்று காலூன்ற வேண்டிவரும் என்று பாய் சொன்னார். இவர் குனிந்து பார்த்தார். "நாலு எதுக்கு? ரெண்டு கழிச்சுக்கலாமே," என்றார்.

"அதுல மட்டும் கழிக்காதீங்கண்ணே," என்றார் பாய், மிகவும் மரியாதையாக.

மலைப் பாதையில் ஒற்றை ஆளாகப் போகக் கூடாது என்று பாய் சொன்னதால் எனக்கும் ஒரு வாடகைச் சைக்கிள் எடுத்தோம். மூன்று ஞாயிறு அதே சைக்கிளை வாடகைக்கு எடுத்துவிட்டு, நாலாவது ஞாயிறு நானும் சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டேன். மலைச் சைக்கிள் ஓட்ட ஆரம்பிக்கிற எவருக்கும் இது நேரும் என்று நினைக்கிறேன்.

மே, இரண்டாவது ஞாயிறு, காலை ஏழு இருபது. லேசான தூறல். அதாவது மழை மூச்சு வாங்காத நேரம். தொழிற்சாலை மேட்டிலிருந்து இருவரும் இறங்கத் தொடங்கினோம். அவர் சின்ன வயதில் சைக்கிள் ஓட்டியவர்தான். ஆனால் பிறகு முப்பது வருடம் மோட்டார். நம் ஊர் மோட்டாரில் வேகத்தைக் குறைக்க வலது கால் கீழே மிதிக்கும். பின் பிரேக் அங்கேதான் இருக்கிறது. முப்பது வருடம் மிதித்த கால், தான் இப்போது எதன் மேல் இருக்கிறது என்று யாரையும் விசாரிப்பதில்லை.

சரிவு வந்தது. வேகம் கூடியது. ரெண்டு கிலோ வலது காலை அழுத்தி மிதித்தார். சைக்கிள் இன்னும் வேகமாகப் போனது. வேகத்தைக் கண்டு மறுபடி மிதித்தார். மலையிறக்கத்தில் பயந்து பயந்து மிதித்து வேகம் கூட்டிய ஒரே மனிதரை நான் பின்னாலிருந்து பார்த்தேன். லயத்தைத் தாண்டும்போது பல் துலக்கிக்கொண்டிருந்த பங்களாதேஷ் ஆட்கள் கை தட்டினார்கள். கோயிலைத் தாண்டும்போது ஒரு கையை நெஞ்சில் வைத்துக் கும்பிட்டார், அந்த நேரத்திலும். "பிரேக்கு புடிக்கலலா" என்ற குரல் மட்டும் வளைவுக்கு அப்பாலிருந்து வந்தது. பிறகு அதுவும் இல்லை.

நான் கையிலுள்ள பிரேக்கைப் பிடித்துப் பிடித்துக் கீழே போய்ச் சேர்ந்தேன். சைக்கிள் கானில் கிடந்தது. ஆள் இல்லை. தேயிலைச் செடிகளை மேசை போல மட்டமாக வெட்டி வைத்திருப்பார்கள் அல்லவா? அதன் மேல், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், பச்சை மெத்தையில் படுத்தவர் மாதிரி மல்லாந்து கிடந்தார். அடி எதுவும் இல்லை. கண் திறந்திருந்தது. மேலே மேகம் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணே, எழுந்திருங்க."

"கொஞ்சம் இருங்க கிராணி." படுத்தபடியே கையை நீட்டி ஒரு கொழுந்தைக் கிள்ளி மூக்கில் வைத்தார். "பன்னண்டாம் காடு," என்றார்.

பாதை முனையில் இருந்த பலகையைப் போய்ப் பார்த்தேன். பன்னிரண்டு. நாட்குறிப்பில் முதல் காட்டைக் குறித்தேன். அவர் இன்னும் பத்து நிமிடம் எழுந்திருக்கவில்லை. "இலை எப்பவும் என்கிட்டே வரும். இன்னிக்குத்தான் நான் அதுகிட்ட வந்திருக்கேன்," என்று மேகத்திடம் சொன்னார்.

காலுக்கு வழி கண்டுபிடித்தது அக்கா. மோட்டார் ஓட்டும்போது அவர் எப்போதும் ஷூ போடுவார். ஆகவே இடது காலுக்கு ஷூ, வலது காலுக்கு ஜப்பான் சிலிப்பர் என்கிற ரப்பர் செருப்பு என்று அக்கா உத்தரவு போட்டார். வலது கால் சிலிப்பரை உணரும்போதெல்லாம் தான் மோட்டாரில் இல்லை என்பது அதற்கு ஞாபகம் வரும். வந்தது. அன்றிலிருந்து ஆறரை மாதம், ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் சிலிப்பருமாக அவர் இந்த மலையைச் சுற்றினார். சுற்றுலாக்காரர்கள் தேயிலையை விட்டுவிட்டு அவர் கால்களைப் படம் எடுத்தார்கள்.

ஏற்றத்தில் வேறு கதை. பத்தாவது கியரும் தீர்ந்த பிறகு, "இன்னொண்ணு இருக்கணுமே" என்று பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பார். இருக்காது. இறங்கித் தள்ளுவோம். தள்ளும்போது பேச மூச்சு இருக்காது. அந்த அமைதியில் செடிகளிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்கும். கீழே எங்கோ பிரிஞ்சாங் கார் நெரிசலின் ஹாரன் கேட்கும், வேறு ஏதோ நாட்டிலிருந்து வருவது போல.

ஒவ்வொரு காட்டிலும் அவர் செய்வது ஒன்றுதான். இறங்குவார், ஒரு கொழுந்து கிள்ளுவார், முகர்வார், சுற்றிப் பார்ப்பார். ஏழாம் காட்டு இலை எந்நாளும் சாக்குக்குள் ஜில்லென்று வருமாம். போய்ப் பார்த்தால் எதிர்மலை அந்தக் காட்டுக்குப் பத்து மணி வரை வெயிலை விடுவதில்லை. பதினைந்தாம் காட்டு இலையில் மெல்லிய இஞ்சி வாசம் உண்டு என்று அவர் இருபது வருடமாகச் சொல்ல, தொழிற்சாலையில் எல்லோரும் சிரிப்பார்கள். ஜூலை மூன்றாவது ஞாயிறு அங்கே போனோம். ஓடை ஓரம் முழுவதும் காட்டு இஞ்சி பூத்துக் கிடந்தது. அவர் சிரிக்கவோ "பாத்தீங்களா" என்று கேட்கவோ இல்லை. ஓடையில் சிலிப்பர்க் காலை நனைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கடிதத்தில் மட்டும் பார்த்திருந்த உறவுக்காரர் வீட்டுக்கு முதல் தடவை வந்தவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

ஆகஸ்டில் கோலாலம்பூரிலிருந்து ஒரு சைக்கிள் குழு வந்தது. உடம்போடு ஒட்டிய உடை, கறுப்புக் கண்ணாடி. அவர்களில் ஒருவர் தன் சைக்கிள் பத்தரைக் கிலோதான் என்றும், அதில் கடைசி அரைக் கிலோவைக் குறைக்க இரண்டு வருடம் பாகம் பாகமாக மாற்றினேன் என்றும் சொன்னார். ரெண்டு கிலோ அனுதாபத்தோடு கேட்டார். தராசை மரக்கிளையில் மாட்டினார். பத்தரைதான். "ரெண்டு கழிச்சா எட்டரை," என்றார். அந்த மனிதர் உறைந்து போய் நின்றார். இரண்டு வருடப் பாட்டை இவர் இரண்டு விநாடியில் நாலு மடங்காக்கிவிட்டார். தராசோடும் இவரோடும் நின்று படம் எடுத்துக்கொண்டு, கை குலுக்கிவிட்டுப் போனார்.

செப்டம்பர் முடியும்போது இருபத்து மூன்று காடுகள் முடிந்திருந்தன. கடைசியை அவர் கடைசிக்கென்றே வைத்திருந்தார். அதில்தான் தவறு செய்தோம். அக்டோபரில் மழை பிடித்தது. இருபத்து நாலாம் காட்டுப் பாதையில் மண் சரிந்து மூடிவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் போவோம், சிவப்பு மண் குன்றைப் பார்ப்போம், திரும்புவோம். நவம்பரில் வீட்டுச் சாமான்கள் அட்டைப் பெட்டிக்குள் போக ஆரம்பித்தன. லோரி கடைசித் திங்கள்கிழமை காலை வருவதாக ஏற்பாடு.

அக்கா அந்தக் காட்டைப் பற்றி மறுபடி பேசவே இல்லை. ஆனால் ரெண்டு கிலோ என்ன சொன்னாலும், "பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்பார். உப்புக் கம்மி என்றால், "பாத்தீங்களா?" மழை வரும் என்றால், "பாத்தீங்களா?" ரெண்டு கிலோ தன் வீட்டிலேயே எதற்கும் கழிவு சொல்ல முடியாத மனிதராக ஏழு மாதம் வாழ்ந்தார்.

லோரி வருவதற்கு முந்தைய வியாழக்கிழமை பாதையில் மண்ணை ஒதுக்கினார்கள். வெள்ளியும் சனியும் மழை. மிச்சம் ஒரே ஒரு ஞாயிறு. காலை ஐந்தே முக்காலுக்குப் புறப்பட்டோம். அக்கா தானும் வருவதாகச் சொன்னதற்கு, "நீ எதுக்கு, வழுக்கும்" என்று சொல்லிவிட்டு இவர் சைக்கிளில் ஏறினார்.

பாதையைப் பாதை என்று சொல்வது அதற்கு மரியாதை. சக்கரத்தில் மண் அப்பி, டயர் எது பாதை எது என்று தெரியவில்லை. முதலில் ஓட்டினோம், பிறகு தள்ளினோம், பிறகு தோளில் தூக்கினோம். ஒரு திருப்பத்தில் அவர் நின்று, மூச்சிரைக்கத் தராசை எடுத்தார். மண்ணோடு சைக்கிள் இருபது கிலோ.

"ரெண்டு கழிச்சும் தாங்கலலா," என்றார்.

அதற்கும் மேலே, மேகம் எங்களை மூடிக்கொண்டது. நாலடிக்கு அப்பால் செடி தெரியவில்லை. அவர் ஒரு கல்லில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"இருபத்து மூணு பாத்தாச்சு கிராணி. ஒண்ணக் கழிச்சுக்கலாம்."

அவர் ஒன்றைக் கழித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எப்போதும் இரண்டுதான் கழிப்பார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

"அக்கா 'பாத்தீங்களா'ன்னு கேட்டா என்ன சொல்வீங்க?" என்றேன்.

கல்லில் இருந்து எழுந்தார். சைக்கிளை அங்கேயே செடியில் சாய்த்து வைத்தார். தராசுப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு கை என் தோளில், சிலிப்பர்க் காலை ஊன்றி ஊன்றி ஏறினார். எட்டு பத்துக்கு மேடு முடிந்து தரை மட்டமானது. பலகையில் இருபத்து நாலு என்று எழுதியிருந்தது. அதன் அடியில், வெள்ளைக்குள் வெள்ளையாக, சாக்கைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது.

"எம்புட்டு நேரம்லா வருவீங்க? டீ ஆறிருச்சு," என்றது.

கொழுந்து பறிக்கிற பெண்களுக்கென்று செடிகளுக்கு ஊடே ஒரு குறுக்கு வழி உண்டு. இருபத்தைந்து வருடம் ஏறிய வழியில் அக்கா முக்கால் மணி நேரத்தில் வந்திருக்கிறார். பிளாஸ்க்கில் தேநீர், டப்பாவில் அவித்த மரவள்ளிக்கிழங்கு. பத்துக் கியரும் டிஸ்க் பிரேக்கும் ஒரு ஜோடி பூட்சிடம் தோற்றன.

மூவரும் உட்கார்ந்தோம். கடல் இல்லை, தீவு இல்லை, எதிரே மலையும் இல்லை. மேகத்துக்கு மேலே இருந்து பார்க்க வேண்டிய இடத்தில் நாங்கள் மேகத்துக்கு உள்ளே இருந்தோம். இருக்கிற ஒரே நாளில் இப்படி ஆகிவிட்டதே என்று நான் அக்காவைப் பார்க்காமல் கிழங்கைப் பார்த்தேன். ரெண்டு கிலோ ஒரு கொழுந்து கிள்ளி முகர்ந்தார். தலையை ஆட்டினார். பிறகு பையிலிருந்து காய்ந்த சணல் சாக்கு ஒன்றை எடுத்தார். பிளாஸ்டிக்கில் சுற்றி, நனையாமல் கொண்டுவந்திருந்தார். தராசைப் பலகையில் மாட்டி, சாக்கைத் தொங்கவிட்டார். எண்ணூறு கிராம்.

"என்னண்ணே பண்றீங்க?"

"இருங்க."

ஒரு மணி பத்து நிமிடம் இருந்தோம். நேரத்தைக் குறித்திருக்கிறேன். மேகம் எங்களுக்கு ஊடே போய்க்கொண்டே இருந்தது. அக்காவின் புருவத்தில் சின்னச் சின்ன முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தது. தூங்கிவிட்டோமா என்றுகூட எனக்குத் தெரியாது. அவர் எழுந்து முள்ளைப் பார்த்தார்.

"தொள்ளாயிரத்து அம்பது. நூத்தம்பது கிராம் மேகம். எழுதிக்குங்க கிராணி."

எழுதினேன். அக்கா சாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"இதுல எம்புட்டுக் கழிக்கப் போறீங்க?"

அவர் தராசின் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது பூராவும் தண்ணிதான். கழிச்சா என்ன மிஞ்சும்?" என்றார். பிறகு, சாக்கை இறக்கி மடித்துக்கொண்டே, "இருபத்தஞ்சு வருசம் ஒன் சாக்குலேருந்து நான் கழிச்சது இதைத்தான்," என்றார்.

அக்கா அவர் கையில் இரண்டு துண்டுக் கிழங்கு கூடுதலாக வைத்தார்.

எனக்கு என் கடமை இருந்தது. நாட்குறிப்பில் இருபத்து நாலாம் காட்டுக்கு எதிரே என்ன எழுதுவது? மேகக் கடல் தெரியவில்லை என்று எழுதட்டுமா என்று கேட்டேன்.

"கடல் இருக்குன்னு எழுதுங்க," என்றார் ரெண்டு கிலோ.

"நீங்க பாக்கலையேண்ணே."

"இவ பாத்திருக்கா."

மறுநாள் லோரி வந்தது. அட்டைப் பெட்டிகளுக்கு மேலே, மண் கழுவாத அந்தச் சைக்கிளைக் கட்டி அனுப்பினோம். தெலுக் இந்தான் தாம்பாளம் மாதிரித் தட்டையான ஊர். அங்கே பத்துக் கியரில் ஒன்பதுக்கு வேலை இல்லை என்று பிறகு போனில் சொன்னார். இன்னும் வலது காலில் சிலிப்பர்தானாம்.

நான் இப்போது ஞாயிறுதோறும் இருபத்து நாலாம் காட்டுக்கு ஏறுகிறேன். பல நாள் வெள்ளைதான். பிப்ரவரி இரண்டாவது ஞாயிறு, காலை ஏழு ஐந்துக்கு, கடல் கிடந்தது. உடனே அவருக்குப் போன் போட்டேன். வெள்ளையாக விரிந்து கிடப்பதைச் சொன்னேன், பதினோரு தீவுகள் எண்ணினேன் என்றேன், கம்போங் ராஜா பக்கம் அது வழிந்து இறங்குவதைச் சொன்னேன். அந்தப் பக்கம் பொறுமையாகக் கேட்டார்.

"சரி கிராணி. ரெண்டு தீவு கழிச்சுக்கிறேன்," என்றார்.

கழித்துக்கொள்ளட்டும். எதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறவன் என்று பெயர் எடுத்தவன் நான். அன்று எண்ணியது ஒன்பது தீவுதான்.